பழைய லென்ஸைக் கழற்றும் முன்

பழைய கேமரா லென்ஸ்களைக் கழற்றிச் சரிசெய்யும் பொழுதுபோக்கில் பலருக்கும் முதல் பலி ஹீலியோஸ் 44-2 தான். சோவியத் காலத்து 58 மி.மீ. லென்ஸ். ஜெர்மனியின் ஸைஸ் பயோட்டார் வடிவமைப்பை ஒட்டி, மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்க்கிலும் வேறு சில ஆலைகளிலும் ஏராளமாகச் செய்து தள்ளினார்கள். விலை மலிவு, உள்ளமைப்பு எளிது. அதனாலேயே "கழற்றித்தான் பார்ப்போமே" என்று கை துறுதுறுக்கும்.

கழற்றத் தேவையே இல்லாததைக் கழற்றுவதுதான் பெரிய தவறு என்பேன். உள்ளே நாலைந்து தூசி தெரிந்தால் படத்தில் ஒன்றும் தெரியாது. ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் அபெர்ச்சர் பிளேடுகளில் எண்ணெய் பளபளத்தாலும் பதற வேண்டாம். தானியங்கி அபெர்ச்சர் உள்ள ஜப்பானிய லென்ஸ்களில் அந்த எண்ணெய் பிளேடுகளை மந்தமாக்கும், ஷட்டர் திறக்கும் நேரத்துக்குள் அவை சரியாக மூடாது. 44-2இல் அபெர்ச்சரைக் கையால்தான் திருகுகிறோம். அங்கே எண்ணெய் கண்ணாடியில் படலமாகப் படியாதவரை விட்டுவிடலாம். பிளேடு ஒட்டுகிறதே என்று மேற்கொண்டு தையல் மெஷின் எண்ணெய் விடுபவர்களும் உண்டு. பிளேடுகள் உலர்ந்துதான் இருக்க வேண்டும்.

சரி, ஃபோகஸ் வளையம் இறுகிவிட்டது, கிரீஸ் மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஹெலிகாய்டை, அதாவது வளையத்தைத் திருப்பும்போது கண்ணாடிகளை முன்னும் பின்னும் நகர்த்தும் மரைப் பாகத்தை, பிரிக்க வேண்டியிருக்கும். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஹெலிகாய்டு பாட்டில் மூடி மாதிரி ஒற்றை மரை அல்ல. பல மரைகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். திரும்ப மாட்டும்போது எந்த மரையிலும் நுழையும், ஆனால் ஒன்றில் நுழைந்தால்தான் தூரத்துப் பொருள் ஃபோகஸ் ஆகும். அடையாளம் வைக்காமல் பிரித்துவிட்டு மூன்று மாலைகள் ஒவ்வொரு மரையாக முயன்றுகொண்டிருந்தேன். இரண்டு பாகமும் விடுபடும் அந்தக் கணத்தில் நிறுத்தி, இரண்டிலும் நேருக்கு நேர் ஒரு கோடு கீறி, செல்போனில் படமும் எடுத்துவிட்டால் அரை நிமிட வேலை.

திருகுகளில் இன்னொரு பொறி. ஜப்பானிய லென்ஸ்களில் இருக்கும் பிளஸ் திருகு, நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவருக்கு ஏற்றதல்ல. பார்வைக்கு ஒன்றுதான். அழுத்தித் திருப்பினால் வழுக்கி, தலை மழுங்கிவிடும். ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரநிலை) ஸ்க்ரூடிரைவர் என்று கேட்டு வாங்குங்கள். திருகு அசையவே இல்லை என்றால் ஆலையில் வைத்த பூச்சு பிடித்திருக்கும். ஊசிமுனையில் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்துக் காத்திருக்கலாம். கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கத்தரிக்கோல் முனையால் திருப்புவதைப் பற்றி என்ன சொல்ல, ஒருமுறை வழுக்கினால் முன்கண்ணாடியில் நிரந்தரக் கோடு. அதற்கென்றே லென்ஸ் ஸ்பேனர் இருக்கிறது.

சென்னை மாதிரி ஈரக்காற்று ஊர்களில் பூஞ்சை தப்பாது. இளசாக இருந்தால் துடைத்தாலே போய்விடும். நாள்பட்டால் கண்ணாடியின் மேல் பூசிய மெல்லிய கோட்டிங்கையே அரித்திருக்கும், அந்தத் தடத்தை எந்தத் திரவமும் அழிக்காது. அங்கேதான் சிலர் டூத்பேஸ்ட்டை எடுக்கிறார்கள். மிச்சமிருக்கும் கோட்டிங்கும் போய்விடும். திரவத்தை நேராகக் கண்ணாடியில் ஊற்றவும் கூடாது. விளிம்பில் ஒளிச்சிதறலைத் தடுக்கப் பூசிய கறுப்பு மை கரையும், இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசைக்குள்ளும் இறங்கும். முதலில் தூசியை ஊதித் தள்ளிவிட்டு, நனைத்த லென்ஸ் தாளால் மெல்லத் துடையுங்கள்.

மஞ்சள் பாரித்த 50 மி.மீ. சூப்பர் டாக்குமார் (பென்டாக்ஸின் பழைய லென்ஸ்) கிடைத்தால் அது அழுக்கு என்று தேய்க்காதீர்கள். எஃப்/1.4இன் ஏழு கண்ணாடி வகையில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அதன் கதிர்வீச்சாலேயே நிறம் மாறுகிறது. புற ஊதா விளக்கின் கீழ் சில நாட்கள் வைத்தால் பெருமளவு தெளியும். வெயிலில் வைப்பதானால் பக்கத்திலேயே இருங்கள், லென்ஸ் குவித்த வெயில் மேசையைப் பொசுக்கிவிடும். அந்தக் கண்ணாடியை உரசிப் பொடியாக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.

எல்லாம் மாட்டி முடித்ததும் ஃபோகஸ் வளையத்தின் குட்டித் திருகுகளை உடனே இறுக்காமல், இரவு மொட்டைமாடிக்குப் போய் நிலாவைப் பாருங்கள். நிலா கூராகத் தெரியும் இடத்தில் வளையத்தின் முடிவிலிக் குறியைக் கொண்டுவந்து நிறுத்தி, அப்புறம் இறுக்குங்கள்.