இடுப்பு பிடித்திருக்கிறதா? நீவி விடும் முன் ஓடுபவர்கள் கவனிக்க வேண்டியவை

"இடுப்பு பிடிச்சிருக்கு" என்று ஓடுகிறவர் யாராவது சொன்னால் முதலில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நம் பேச்சில் பெல்ட் போடும் இடமும் இடுப்புதான், முதுகின் அடிப்பகுதியும் இடுப்புதான், தொடை எலும்பு வந்து பொருந்தும் மூட்டும் இடுப்புதான். அந்த மூட்டிலேயே கோளாறு என்றால் வலி பெரும்பாலும் முன்பக்கம், தொடையிடுக்கில்தான் தெரியும். இதைக் கேட்காமலே குப்புறப் படுக்க வைத்து முதுகை நீவி அனுப்புவது நிறைய நடக்கிறது.

தொடையிடுக்கில் வலித்தால் உடனே "டைட்டா இருக்கு" என்று முடிவு கட்டி இழுக்க ஆரம்பிக்காதீர்கள். மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவரும்போது முன்பக்கம் கிள்ளுகிற மாதிரி வலித்தால், பல நேரம் அங்கே எலும்பின் விளிம்புகள் இடிக்கின்றன, நடுவில் இருக்கும் குருத்தெலும்பு வளையம் நசுங்குகிறது. சிலருக்கு எலும்பின் அமைப்பே அப்படி. யார் எவ்வளவு அழுத்தித் தள்ளினாலும் அது வழிவிடாது, புண்தான் ஆகும்.

இன்னொன்று எனக்குப் பயம் தருவது. சமீபத்தில் கிலோமீட்டரைச் சட்டென்று கூட்டியவர், தொடையிடுக்கில் ஆழமாக ஒரு வலி, ஓட ஓட அதிகமாகிறது, இரவிலும் விடவில்லை என்றால் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் கீறல் விழுந்திருக்கலாம். நீவுவதும் வேண்டாம், ஒற்றைக் காலில் குதித்துப் பார்ப்பதும் வேண்டாம். ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும், எம்ஆர்ஐ கேட்க வேண்டியிருக்கும்.

சரி, உண்மையிலேயே தசைப் பிடிப்புதானா என்று எப்படிப் பார்ப்பது? 19-ஆம் நூற்றாண்டில் லிவர்பூலில் இருந்த ஹியூ ஓவன் தாமஸ் என்ற மருத்துவர் பெயரில் ஒரு சோதனை இருக்கிறது. வீட்டில் உயரமான கட்டிலோ உறுதியான மேசையோ போதும். விளிம்பில் உட்கார்ந்து, ஒரு முழங்காலைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே பின்னால் சாய்ந்து படுங்கள், மற்ற காலைத் தொங்க விடுங்கள். தொங்கும் தொடை மேசை மட்டத்துக்கு இறங்காமல் மேலேயே நின்றால் முன்பக்கத் தசை இறுக்கம். இதிலும் ஒரு தவறு உண்டு: கீழ்முதுகு வில்லாக வளைந்தால் தொடை இறங்கினது போலத் தோன்றும், அதனால் முதுகு மேசையில் படியும்வரை முழங்காலை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஓடும்போதும் இதே ஏமாற்றுதான், கால் பின்னால் போகாத குறையை முதுகு வளைந்து ஈடுகட்டுகிறது.

இப்போது மிகப் பெரிய தவறுக்கு வருகிறேன். பிசியோதெரபிஸ்ட் கையால் நீவி, மூட்டை அசைத்து விட்டதும் கால் பஞ்சு மாதிரி இருக்கும், அந்தச் சுகத்தோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் தசை நீளமாகிவிடவில்லை, காவலுக்கு நின்ற நரம்பு கொஞ்ச நேரம் பிடியைத் தளர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். கிடைத்த அந்த அசைவை அப்போதே பயன்படுத்த வேண்டும். ஒரு முழங்காலை ஊன்றி நின்று, பிட்டத்தை இறுக்கி, இடுப்பை முன்னால் தள்ளுங்கள். அப்புறம் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ், ஒரு காலைப் பின்பக்கம் எட்டுவைத்து முழங்காலை மடக்கி இறங்கும் லஞ்ச் பயிற்சி, ஒற்றைக் காலில் எழுந்து உட்காருவது. வாரம் 2 நாளாவது இதைத் தொடராமல் நீவுவதற்கு மட்டும் பணம் கொடுப்பவர்கள், அதே பிடிப்போடு அடுத்த வாரமும் அதே மேசைக்கு வருகிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

பந்தை வைத்துப் பிட்டத்தை அழுத்தும்போது காலில் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஓடினால் உடனே எடுத்துவிடுங்கள், அழுத்துவது நரம்பை. பிட்டத்துக்கு அடியில், உட்காரும்போது அழுந்தும் எலும்பில் வலி இருப்பவர்கள் குனிந்து குனிந்து தொடையின் பின்பக்கத்தை இழுப்பதும் கூடாது, அங்கே தசைநாண் எலும்போடு நசுங்கி வலி நீளும்.

பந்தயத்துக்கு முந்தின நாள் ஆழமாக அழுத்தி மசாஜ் செய்துகொள்ளவே வேண்டாம். மறுநாள் தொடை கனத்துப்போய் நிற்பது மாரத்தானின் 42 கிலோமீட்டரும் கூட வரும்.