பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நாய்க்குட்டி வருகிறதா? பெரியவர்கள் செய்யும் தவறுகள்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு பல வீடுகளில் இந்த நச்சரிப்பு ஆரம்பிக்கும். "நானே சோறு வைப்பேன், நானே குளிப்பாட்டுவேன், நீங்க எதுவுமே செய்ய வேண்டாம்." இந்த வாக்கை நம்பிக் குட்டியை வாங்கி வருவதுதான் முதல் தவறு. பிள்ளை பொய் சொல்லவில்லை. தினமும் அதிகாலையில் எழுந்து ஒரு உயிரைக் கவனிப்பது எட்டு வயதுக்கு மீறிய வேலை, அவ்வளவுதான். நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும். இன்று மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அதற்குள் கல்லூரிக்கே போய்விடும். அதனால் வாங்கும் முன்பே வீட்டில் ஒரு பெரியவர் "இது என் பொறுப்பு" என்று ஏற்க வேண்டும். பெரும்பாலும் அந்த வேலை கடைசியில் அம்மா தலையிலோ பாட்டி தலையிலோதான் விழுகிறது. அவர்களைக் கேட்காமல் குட்டியைக் கொண்டுவராதீர்கள்.

மே மாதத்தில் வாங்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. விடுமுறை முழுக்க மடியிலேயே கிடந்த குட்டி, ஜூனில் பள்ளி திறந்ததும் திடீரென்று நாளெல்லாம் தனியாக விடப்படும். ஊளையிடும், செருப்பைக் கடித்துக் குதறும். முதல் வாரத்திலிருந்தே தினமும் கொஞ்ச நேரம் தனியாக விட்டுப் பழக்கினால் இது வராது. தீபாவளிக்கு முன் வாங்குவதையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டு மாதக் குட்டி புது வீட்டில் முதலில் கேட்பது சரவெடிச் சத்தமாக இருந்தால், அந்தப் பயம் ஆயுசுக்கும் தங்கிவிடலாம்.

"சின்னதா இருந்தால்தான் நம்மிடம் ஒட்டும்" என்று ஒரு மாதக் குட்டியைத் தூக்கி வருகிறார்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசு விதி இருக்கிறது. எவ்வளவு பலமாகக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும்தான். சீக்கிரம் பிரித்த குட்டி கடிக்கும் பழக்கத்தோடு வருகிறது. அந்தப் பல் படுவது உங்கள் பிள்ளையின் கையில்.

இனம் பற்றி ஒரு வார்த்தை. போட்டோவில் அழகாக இருக்கிறது என்று சென்னை வெயிலுக்குப் பனிப்பிரதேச நாயான ஹஸ்கியை வாங்காதீர்கள். இரண்டு அறை அடுக்குமாடி வீட்டுக்கு ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் சரிவராது; அவற்றுக்கு ஓட இடம் வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நல்ல நாட்டு நாய்க்குட்டி ஒன்றைத் தத்தெடுப்பதே மேல் என்பது என் கருத்து.

சரி, குட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் கூடிவிடுவார்கள், ஆளுக்கு ஒரு முறை தூக்குவார்கள். முதல் சில நாட்களுக்கு இதை அனுமதிக்காதீர்கள். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் தூங்கும். தூங்கும்போதும் சாப்பிடும்போதும் யாரும் தொடக் கூடாது என்பதை வீட்டுச் சட்டமாகவே வைத்துவிடுங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் முன்னங்கால்களின் அடியில் பிடித்துத் தூக்குவார்கள். பின்னங்கால்கள் அந்தரத்தில் தொங்கும், குட்டி பயத்தில் விறைத்துப்போகும். சின்னப் பிள்ளை தூக்கவே வேண்டாம். தரையில் சம்மணம் போட்டு உட்காரட்டும், குட்டி தானாக வரட்டும்.

குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு உதட்டை நக்கினாலோ, வாலை இடுக்கிக்கொண்டாலோ, "போதும், விட்டுவிடு" என்று அர்த்தம். அதையும் கவனிக்காவிட்டால் உறுமும். உறுமியதற்காக அடிக்காதீர்கள். உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், அடுத்த முறை எச்சரிக்காமல் நேராகக் கடித்துவிடும். ஆறேழு வயதுக்கு உட்பட்ட பிள்ளையையும் நாயையும், எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும், பெரியவர் பார்வையில்லாமல் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள்.

மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைக்கும். அப்போது எதையாவது கடித்துக்கொண்டேதான் இருக்கும். பிள்ளை அலறிக்கொண்டு ஓடினால் குட்டிக்கு அது விளையாட்டு, துரத்திக் கடிக்கும். ஓடாமல், கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்கச் சொல்லிக்கொடுங்கள். கடிக்க வேறு பொம்மை கொடுங்கள்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. "நம்ம வீட்டுக் குட்டிதானே, லேசாகப் பல் பட்டது" என்று விட்டுவிடுகிறார்கள். குட்டிக்கு ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி மூன்று மாதத்தில்தான் போடுகிறார்கள். வாங்கும் முன் அது எங்கே இருந்தது, எந்த நாய் கடித்தது என்பது உங்களுக்குத் தெரியாது. நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாகக் காப்பாற்றவே முடியாது. 5 முதல் 14 வயதுப் பிள்ளைகள்தான் இதற்கு அதிகம் பலியாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பல் பட்டாலும் நகம் கீறினாலும் உடனே குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊசி இலவசம். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து செலுத்த வேண்டியிருக்கும். அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், கடி வாங்கிய பிள்ளையைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து காயத்தை மறைக்கும் பிள்ளையை எந்த ஊசியாலும் காப்பாற்ற முடியாது.

குட்டிக்கான மற்ற ஊசிகள் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி நான்கு மாதம் வரை தவணை முறையில் போகும். ஒரு ஊசி போட்டாயிற்று என்று தெருவில் இறக்கிவிடாதீர்கள். குட்டிகளின் உயிரையே பறிக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டிவைக்கவும் வேண்டாம்; தோளில் தூக்கிக்கொண்டு ஆட்டோ, பைக், கூட்டம் எல்லாம் காட்டுங்கள்.

வயிற்றுப் பூச்சிக்கான மருந்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு உருண்டைப்புழு வந்துவிடும். அதன் முட்டை மண்ணில் கலந்து, கை கழுவாமல் சாப்பிடும் பிள்ளையின் வயிற்றுக்குப் போனால் கண் பார்வையைக்கூடப் பாதிக்கலாம். மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் மருந்து கொடுக்கச் சொல்வார்கள். அளவு குட்டியின் எடையைப் பொறுத்தது, கால்நடை மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள்.

சாப்பாட்டில், பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றும் விஷம். பிள்ளை பாசத்தோடு ஊட்டும் பாயசத்தில் உலர்திராட்சை இருக்கும், சாம்பார் சாதத்தில் சின்ன வெங்காயம் இருக்கும். வேகவைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். தட்டிலிருந்து யாரும் ஊட்டக் கூடாது என்று, தாத்தாவையும் சேர்த்து எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்குள் மூத்திரம் போனால் அதில் மூக்கைத் தேய்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் குட்டி கற்றுக்கொள்வது உங்களைக் கண்டு பயப்படுவதை மட்டும்தான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், போனதும் பாராட்டுங்கள். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. இரவிலும் ஒருவர் எழ வேண்டியிருக்கும். அது பள்ளிக்குப் போகும் பிள்ளையாக இருக்கக் கூடாது.