நாற்பதைத் தாண்டியவர்கள் விளையாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வேலையெல்லாம் முடியட்டும், அப்புறம் விளையாடலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் முதல் தவறு. வேலை முடியவே முடியாது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதமும் தாயமும் சொக்கட்டானும் ஆடும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. அன்று பாட்டியும் மருமகளும் பேரனும் ஒரே கட்டத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள், யாரும் யாரையும் வேலைக்கு எழுப்பவில்லை. பெரியவர்களின் விளையாட்டுக்கு அப்படி நாள் குறித்தாக வேண்டும். வியாழக்கிழமை இரவு கேரம் என்று வைத்தால், அன்றைக்குக் கேரம்தான்.

இதைவிடப் பெரிய தவறு, விளையாட்டிடம் பலன் கேட்பது. எத்தனை கலோரி குறைந்தது, கைக்கடிகாரம் என்ன காட்டுகிறது, இவரோடு ஆடினால் தொழிலுக்கு உதவுமா என்று கணக்குப் பார்க்கத் தொடங்கியதும் அதுவும் ஒரு வேலையாகிவிடுகிறது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து, 2003இல் ஓர் ஆய்வு வெளியானது. பலகை விளையாட்டு, வாசிப்பு, இசைக்கருவி, நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதிநோய் குறைவாக வந்திருந்தது. விளையாட்டுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. மூளை நன்றாக இருந்தவர்கள்தான் தொடர்ந்து ஆடினார்கள் என்றும் இருக்கலாம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. இதையெல்லாம் யாரும் அவர்களுக்கு மருந்தாக எழுதிக் கொடுக்கவில்லை. அவர்களுடைய அன்றாடப் பொழுதில் ஏற்கெனவே இருந்தவை அவை. ஆகவே மூளைக்கு நல்லது என்று சுடோகுவை முறைத்துக்கொண்டு உட்காராதீர்கள். பிடிக்கவில்லையா, விட்டுவிட்டு ஆடுபுலி ஆட்டத்துக்குப் போங்கள்.

ஐபிஎல் பார்ப்பது இந்தக் கணக்கில் சேராது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மியைச் சேர்க்கவே கூடாது. நினைத்தபோது எழுந்து போக முடிந்தால்தான் அது விளையாட்டு. விட்ட பணத்தைப் பிடிக்க வேண்டும் என்ற வெறியில் இருப்பவரால் எழுந்திருக்க முடியாது. அந்தச் செயலிகள் எத்தனையோ குடும்பங்களைக் கடனில் தள்ளிய பிறகுதான், 2025இல் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது.

அடுத்தது உடம்பு. கல்லூரியோடு மட்டையைக் கீழே வைத்தவர், இருபது வருடம் கழித்து ஷட்டில் கோர்ட்டில் இறங்கிய முதல் நாளே ஸ்மாஷ் அடிக்கிறார். குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநார் அறுந்துபோவது பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களுக்குத்தான். பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல இருந்தது என்பார்கள். திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள். பத்து நிமிடம் மெதுவாக ஓடி, கெண்டைக்காலை நீட்டி மடக்கிவிட்டு ஆடுங்கள். முதல் சில வாரம் இரட்டையர் ஆட்டம் போதும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டே இறங்குங்கள். ஆடும்போது நெஞ்சு இறுகினால் வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்து நேரம் கடத்தாமல் 108ஐ அழையுங்கள்.

குழந்தையோடு பல்லாங்குழி ஆடும்போது கணக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அவள் புதுசாக ஒரு விதி சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள், பாதியில் போனை எடுக்காதீர்கள். அவ்வளவுதான்.

கடைசியாகச் சொன்னாலும், என்னை அதிகம் உறுத்தும் தவறு இது: வீட்டில் விளையாட்டு ஆண்களுக்கு மட்டும் என்று ஆகியிருப்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கிரிக்கெட்டுக்குக் கிளம்புகிறார், மகன் டர்ஃபுக்குப் போகிறான், அம்மா இருவருக்கும் டிபன் செய்கிறார். பள்ளியில் கபடியோ கோகோவோ ஆடிய பெண்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். கடைசியாக எப்போது விளையாடினாய் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டதோடு நிறுத்தாமல், வருகிற ஞாயிறு அவர் கிளம்பட்டும், இட்லியை நீங்கள் ஊற்றுங்கள்.