வர்த்தகக் கொள்கை வேலைக்கு வருகிறவர்கள் ஆரம்பத்தில் சறுக்கும் இடங்கள்

தோல் தொழில் நடக்கும் வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கமிருந்து வர்த்தகக் கொள்கை, அரசுத் தொடர்பு வேலைக்கு, அதாவது தொழிலின் கோரிக்கைகளை அரசிடம் எடுத்துச் சொல்லும் வேலைக்கு, வர நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "டெல்லியில் யாரையாவது தெரியுமா?" என்றுதான். ஆள் பழக்கம் உள்ளே போய் உட்காரத்தான் உதவும். உட்கார்ந்ததும் அதிகாரி கேட்பது, "எந்த எச்.எஸ். கோடு, எந்த நோட்டிஃபிகேஷன்?" அதாவது சரக்கின் சுங்க எண் எது, எந்த அரசு அறிவிக்கை என்று. அப்போது "தோலுக்கு வரியைக் குறைங்க சார்" என்று பொதுவாகச் சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது. மாட்டுத்தோலில் வெட் ப்ளூவும் (குரோமில் பதனிட்டு ஈரமாக இருப்பது) கிரஸ்ட்டும் (பதனிட்டு உலர்த்தி, கடைசி மெருகு போடாதது) 4104, வெள்ளாட்டுத்தோல் 4106, தோல் ஷூ 6403. முதல் ஆறு இலக்கம் உலகத்துக்கே பொது, நம் நாட்டில் எட்டு வரை போகும். இதைப் பழகாமல் போகாதீர்கள்.

அப்புறம், தப்பான கதவைத் தட்டுவது. சுங்க வரி நிதி அமைச்சகத்தின் வேலை. ஏற்றுமதி, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வணிக அமைச்சகத்தின் கீழுள்ள டி.ஜி.எஃப்.டி. என்ற வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்திடம். முதல் வருஷம் நானே ஒரு வரிக் கோரிக்கையை இடம் மாற்றி அனுப்பிவிட்டு இரண்டு மாதம் பதிலுக்குக் காத்திருந்தேன். பட்ஜெட் பிப்ரவரி 1, ஆனால் தொழில் சங்கங்களிடம் அக்டோபர், நவம்பரிலேயே யோசனை கேட்டுவிடுவார்கள். எங்கள் வாய்ப்பு அந்த வருஷம் போய்விட்டது.

செய்தியைப் படித்துவிட்டு வர்த்தக ஒப்பந்தத்தைப் படிக்காமல் விடுவதும் உண்டு. 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆம்பூரில் தைத்த ஷூவுக்கு வெளிநாட்டு சோல் போட்டால் வரிச் சலுகை கிடைக்குமா என்பது அதன் பிறப்பிட விதிகளில்தான், அதாவது ஒரு பொருள் எந்த நாட்டில் உருவானதாகக் கணக்கு என்று சொல்லும் விதிகளில்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, சம்பளம் தருபவரின் நலனையே தொழிலின் நலனாகப் பேசுவது. 2025 பட்ஜெட்டில் வெட் ப்ளூ இறக்குமதி வரியை எடுத்தார்கள், கிரஸ்ட் மீதிருந்த 20% ஏற்றுமதி வரியையும் எடுத்தார்கள். பேரணாம்பட்டில் சின்ன டேனரி (தோல் பதனிடும் பட்டறை) வைத்திருப்பவருக்கு வெளிநாட்டுச் சந்தை திறக்கிறது, சரி. பக்கத்திலேயே ஷூ தைப்பவருக்கோ தோல் வெளியே போய்விட்டால் இங்கே விலை ஏறுமே என்ற கவலை. இரண்டு பேரும் நம் ஊர்க்காரர்கள், இரண்டு பேர் சொல்வதும் நியாயம், அதிகாரி இருவரையும் கேட்டுவிட்டுத்தான் உங்களைக் கேட்பார். எதிர்த்தரப்பு வாதத்தை நீங்களே எழுதி, அதற்குப் பதிலும் சேர்த்துக் கொடுங்கள்.

பாலாற்றில் தோல் கழிவு கலந்தது பற்றிக் கேட்டால் மழுப்பாதீர்கள். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு நம் தோல் தொழிற்சாலைகள் பற்றியது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒருமுறை நேரில் போய், எவ்வளவு தண்ணீர் உள்ளே வருகிறது, எவ்வளவு சுத்தமாகி வெளியே போகிறது என்று குறித்து எடுத்துக்கொண்டு போங்கள்.