கேசட் கால்பந்தை இன்றைய டிவியில் ஓட்டுவது எப்படி?

வேலூர் சத்துவாச்சாரியில் தெரிந்தவர் வீட்டுப் பரணில் ஒரு பழைய டிவி கேம் பெட்டி கிடைத்தது. 1983-இல் நிண்டெண்டோ கொண்டுவந்த ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல். நான் ஓட்ட நினைத்தது டெக்னோஸ் ஜப்பான் 1990-இல் உருவாக்கிய நிண்டெண்டோ வேர்ல்டு கப் என்ற கால்பந்து கேம். ஃபவுல் கிடையாது, விசில் கிடையாது, ஆளை இடித்துத் தள்ளலாம். இந்த வகையில் எனக்கு இதுதான் ஒசத்தி.

முதலில் அடாப்டர். பெட்டியின் அடியில் எத்தனை வோல்ட், அடாப்டர் முனையில் பிளஸ் உள்ளேயா வெளியேயா என்று படம் போட்டிருக்கும். அதற்குப் பொருந்தாததைச் செருகவே செருகாதீர்கள்.

அடுத்து கேசட். ஊதாதீர்கள், வாயின் ஈரம் பின்களை அரிக்கும். காது குடையும் பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். வேலூர் வெயிலில் நொடியில் காய்ந்துவிடும். புதிதாக வாங்குவதானால் 60 பின் கேசட்டாகப் பாருங்கள். அமெரிக்க கேசட்டுக்கு 72 பின், நம் பெட்டியில் நுழையாது.

இனிதான் வில்லங்கம். புது டிவிக்களில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஓட்டை இருப்பதில்லை. ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒன்றுதான், அதிலும் ஏவி (AV, அதாவது படமும் ஒலியும்) என்று எழுதியிருக்கும். அதற்கான மாற்று வயரை வாங்கிச் செருகினால் பல நேரம் திரை கறுப்பாகவே இருக்கும், ஸ்பீக்கர் மட்டும் உர்ரென்று இரையும். வயர் கெட்டுப்போகவில்லை. இந்த வயர்களின் உள்இணைப்பு ஒரே மாதிரி இருப்பதில்லை. மஞ்சளில் வர வேண்டிய படம் சிலவற்றில் சிவப்பிலோ வெள்ளையிலோ வரும். பெட்டியின் மஞ்சள் பின்னை ஒவ்வொரு நிறத்திலும் மாற்றிச் செருகுங்கள். எதில் படம் தெரிகிறதோ அதில் விட்டுவிடுங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள். ஆன்டெனா வழியாகச் சேனல் தேடும் பழைய முறை எனக்குப் பிடிக்காது, புள்ளிபுள்ளியாகத்தான் தெரியும்.

சரி, ஆட்டம். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், ஆனால் உங்கள் கையில் ஒருவர்தான். மற்றவர்களுக்குப் பட்டன் அழுத்தி உத்தரவு போட வேண்டும்: பாஸ் கொடு, கோலுக்கு அடி. நகல் பெட்டிகளில் ஏ, பி பட்டன்கள் இடம் மாறியிருக்கலாம், டர்போ பட்டனும் (அழுத்திப் பிடித்தால் தானே படபடவென்று அடிப்பது) சேர்ந்திருக்கலாம். அதனால் எது எதுவென்று முதல் ஆட்டத்தில் அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். சூப்பர் ஷாட் என்ற பலமான சிறப்பு உதைக்கு ஆட்டத்தின் ஒரு பாதியில் இத்தனைதான் என்று கணக்கு உண்டு, நடுமைதானத்தில் வீணாக்காதீர்கள்.

பிற்சேர்க்கை: படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது என்று குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். டிவி மெனுவில் கலர் சிஸ்டம் ஆட்டோவில் இல்லையென்றால் PAL, NTSC என்ற இரண்டு கலர் முறைகளையும் மாற்றிப் பாருங்கள்.

இன்னொருவருக்குப் பட்டனை அழுத்திச் சற்று நேரம் கழித்துத்தான் ஆள் உதைக்கிறானாம். அது டிவி செய்யும் வேலை. டிவி மெனுவில் இந்தத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் பழைய குண்டு டிவி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள், அதில் இந்தத் தொல்லையே கிடையாது.