கன்டெய்னர் செயலிகளுக்கு அப்டேட் முறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி பக்கத்துக் கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா ரக மாம்பழம் ஏற்றிய வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். எடைமேடையில் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு எடை. முதலில் சரக்கோடு, பழத்தை இறக்கியபின் காலியாக. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பணம். இந்த எடைச்சீட்டுச் செயலி குபர்நெட்டிஸில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கன்டெய்னர்களை, அதாவது தேவையான எல்லாவற்றோடும் சேர்த்துக் கட்டிய செயலிகளை, பல கணினிகளில் ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள் அது. செயலிக்குப் புது வெர்ஷனை எப்படி ஏற்றுவது?

பலர் இதை யோசிப்பதே இல்லை. எந்த வெர்ஷன், எத்தனை பிரதிகள் ஓட வேண்டும் என்று சொல்லும் டிப்ளாய்மென்ட்டில் அப்டேட் முறை எதையும் குறிப்பிடாவிட்டால் ரோலிங் அப்டேட் நடக்கும். புது பாட்கள் (ஓடிக்கொண்டிருக்கும் பிரதிகள்) ஏற ஏறப் பழையவை இறங்கும், சேவை நிற்காது. அதனால் இது எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் அந்தச் சில நிமிடங்கள் இரண்டு வெர்ஷன்களும் ஒரே டேட்டாபேஸில் எழுதுகின்றன. புது வெர்ஷனுக்காக ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றினால், இன்னும் இறங்காத பழைய பாட் அந்த நொடியே தடுமாறும். சரக்கு எடையைப் பழையது பதிந்து, காலி எடையைப் புதியது பதியும் வண்டிக்குச் சீட்டு என்ன ஆகும்? முதலில் புது நெடுவரிசையைச் சேர்த்து, இரண்டிலும் எழுத வைத்து, பழைய தரவை நகர்த்தி, அதன்பின் ஒரு வெளியீட்டில்தான் பழையதை நீக்க வேண்டும்.

இரண்டு வெர்ஷன்களும் சேர்ந்து ஓடவே முடியாது என்றால் ரீகிரியேட்தான் சரி. அதைப் பழைய முறை என்று ஒதுக்குவது எனக்குப் புரிவதில்லை. எல்லாப் பழைய பாட்களும் நின்றபின் புதியவை எழும், நடுவில் சேவை இருக்காது. அந்த நேரத்தை எடைமேடையில் இருப்பவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சீசனில் ராத்திரியும் வண்டி வரும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஒரே நோடில் (பாட்கள் ஓடும் கணினியில்) மட்டும் இணையக்கூடிய வால்யூமை, அதாவது சேமிப்பிடத்தை, பயன்படுத்தும் செயலிக்கும் பெரும்பாலும் இதுவே நல்லது. ரோலிங் முறையில் புது பாட் வேறு நோடுக்குப் போனால், வால்யூமைப் பழையது விடாது. புதியது தயாராகாமல் பழையது இறங்காது. அப்படியே மாட்டிக்கொள்ளும்.

ரோலிங்கையே எடுத்தாலும் ரெடினஸ் ப்ரோப் (பாட் கோரிக்கைகளை ஏற்கத் தயாரா என்று பார்க்கும் சோதனை) இல்லாமல் இறங்காதீர்கள். அது இல்லாவிட்டால் கன்டெய்னர் தொடங்கிய உடனேயே தயார் என்று கணக்காகி, டேட்டாபேஸ் இணைப்பே கிடைக்காத பாட்டுக்கும் கோரிக்கைகள் போகும். எண்ணிக்கையையும் போட்டுப் பாருங்கள். அப்டேட்டின்போது பாட்கள் கூடுதலாக ஏறுவதும் குறைவதும் இயல்பாக 25% வரை. பின்னம் வந்தால் கூடுதல் மேலே உள்ள முழு எண்ணாக்கப்படும், குறைவது கீழே உள்ளதாக. 10 பாட்கள் இருந்தால் 3 கூடலாம், 2 குறையலாம். 3 மட்டும் இருந்தால் 1 கூடும், எதுவும் குறையாது. அந்த ஒன்றுக்கு நோடில் இடம் இல்லையென்றால் அப்டேட் அங்கேயே நிற்கும். இயல்பாக 600 விநாடி கழித்துத் தோல்வி என்று குறிக்குமே தவிர, தானாகப் பழைய வெர்ஷனுக்குத் திரும்பாது.

ப்ளூ-கிரீன் முறையில் பழையதும் புதியதும் முழுதாக அருகருகே ஓடும், கோரிக்கைகளை ஒரேயடியாகப் புதியதுக்குத் திருப்புவோம். அதனால் அந்த நேரத்தில் இரட்டிப்பு வளம் வேண்டும். டேட்டாபேஸ் ஒன்றே என்றால் மேலே சொன்ன சிக்கல் அதிலும் உண்டு. ஒரு சிறு பகுதிக்கு மட்டும் புது வெர்ஷன் கொடுத்துப் பார்க்கும் கேனரி முறையில் அது இன்னும் நீளும், இரண்டு வெர்ஷன்களும் மணிக்கணக்கில் சேர்ந்து இருக்கும். அப்புறம், கேனரியில் எதைப் பார்க்கப் போகிறோம்? சர்வர் பிழை எதுவும் காட்டாமலே தப்பான நிகர எடையைச் சீட்டில் அச்சடிக்கலாம். சரக்கு எடையில் காலி எடை போக மீதியும் சீட்டில் வந்த எடையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காத கேனரியால் பயன் இல்லை. சீசன் முடிந்து நாளுக்கு நாலைந்து வண்டிதான் என்றால், 10 பாட்களில் ஒன்றுக்குப் புது வெர்ஷன் கொடுத்துக் காத்திருப்பதும் வீண்.

இமேஜுக்கு (கன்டெய்னர் உருவாகும் மூலக் கோப்புக்கு) லேட்டஸ்ட் என்ற டேக் (பெயர்ச்சீட்டு) வேண்டாம், வெர்ஷன் எண்ணையே போடுங்கள். இல்லையென்றால் முந்தைய வெர்ஷனுக்குத் திருப்பும் ரோல்அவுட் அண்டு கட்டளையைக் கொடுத்தாலும் அதே டேக்கில் புதிய இமேஜே மறுபடி வரக்கூடும். அந்தக் கட்டளை பாட்களைத்தான் பின்னால் கொண்டுபோகும், டேட்டாபேஸ் மாற்றத்தைத் தொடாது. அதைத் திருப்பும் ஸ்கிரிப்டைத் தனியாக எழுதி, அப்டேட்டுக்கு முன்பே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.