சேர்வராயன் மலைச் சிற்றூரின் வரலாற்றை எழுதும் முறை

இங்கிலாந்தில் ஒரு சிற்றூரின் வரலாற்றை எழுதப் புகுபவருக்கு 1086-இல் தொகுத்த டூம்ஸ்டே நிலக்கணக்கும், 1538 முதல் திருச்சபைகள் எழுதிவந்த திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளும் துணை நிற்கின்றன. ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலையூர்களுக்கு அத்தகைய தொடர் ஏடு கிடையாது என்பதால், இங்கே தரையில் கிடப்பவற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் மரத்தடிப் பிள்ளையார் மேடைகளைப் பாருங்கள். உழவின்போது கிடைத்த, வழுவழுப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகளை இம்மலை மக்கள் அங்கே வைத்து வழிபடுவது உண்டு. பூசாரியிடம் அனுமதி பெற்று, மஞ்சளையும் குங்குமத்தையும் துடைக்காமல், அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுங்கள். எந்தக் காட்டில், எவ்வளவு ஆழத்தில் அது கிடைத்தது என்பதைக் கேட்டு அன்றே எழுதிவிடுங்கள். கிடைத்த இடம் தெரியாத கோடரி வரலாற்றுக்கு அரைச் சான்றுதான். எதையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது. மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதானால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டறிந்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபுட் பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். அவருடைய தொகுப்பு சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் அச்சிட்ட பட்டியலில் சேர்வராயன் மலைப் பகுதியைத் தேடிப் படியுங்கள்.

அடுத்து ஏடுகள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேடு என்னும் நில விவர ஏட்டையும், நில அளவைப் புலப்படத்தையும் ஒப்பிட்டால் பழைய நிலப்பெயர்கள் சில அகப்படலாம். 1820-களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த பின் தோட்டங்கள் பரவிய இடங்களில் அப்பெயர்கள் மறைந்திருக்கக்கூடும். 1918-இல் ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்ட விவரச்சுவடி (கெசட்டியர்) நிலவரி, நிர்வாகச் செய்திகளுக்கு நன்கு உதவும். மக்கள் வழக்கங்களைப் பற்றி அது கூறுவதை ஊர்ப் பெரியவர்களிடம் படித்துக் காட்டிச் சரிபார்த்த பிறகே எடுத்தாளுவது நல்லது.

வாய்மொழியில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். காஞ்சியிலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் குடியேறினர் என்று மலையாளி எனப்படும் இம்மலைப் பழங்குடி மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. அதைச் சொன்னவர் சொன்னபடியே எழுதுங்கள். ஆண்டு கணித்துச் சேர்க்க வேண்டாம். கோடரி செய்தவர்களே இன்றைய குடிகளின் முன்னோர் என்று இணைக்கும் ஆசை எழும், ஆனால் அதற்குக் கல்லும் சான்றாகாது, கதையும் சான்றாகாது. ஆகவே இரண்டையும் தனித்தனி அதிகாரங்களில் வையுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் கையெழுத்துப் படியை ஊரார் கூடும் இடத்தில் வாசித்துக் காட்டுங்கள். கற்கள் இருக்கும் சரியான இடக்குறிப்பை ஊர்ப்படியிலும் சேலம் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும் படியிலும் மட்டும் எழுதி, பொதுப்படியில் விட்டுவிடுங்கள். பழம்பொருள் விற்பவர்களும் புத்தகம் படிக்கிறார்கள்.